விற்கக்கூடாத காணிக்கு ஒரு கடன்

பாலாம்பிகைக்கு லண்டனில் முதலில் கிடைத்தது போர்வை மடிக்கிற வேலை. ஹவுன்ஸ்லோவில், விமான நிலையத்துக்குப் பக்கத்தில், ஒரு சலவைத் தொழிற்சாலை. விமானங்களில் பயணிகள் போர்த்திக் கசக்கிய போர்வைகள் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். அவை துவைத்துக் காய்ந்து சூடாக வெளியே வரும்போது உதறி, மடித்து, அடுக்க வேண்டும். 1984ஆம் ஆண்டுக் குளிர்காலம் முழுவதும் அவளுக்கு அந்தச் சூட்டோடுதான் கழிந்தது. ஸ்ட்ரெதத்தில் அவர்கள் வாடகைக்கு இருந்த இரண்டு அறைகளிலும் சுவர் ஈரம் ஊறிக்கிடந்தபடியால், வேலைக்குப் போவதே உடம்புக்கு இதமாக இருந்தது என்று பின்னாளில் சிரித்துக்கொண்டு சொல்லுவாள்.

அதற்கு முன்பு பல வருடங்கள் அவள் சுன்னாகத்தில் ஒரு வங்கிக் கிளையில், கடன் பகுதியில் இருந்தவள். வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் பயிர் செய்கிறவர்களுக்குக் கடன் கொடுப்பதும், அதைத் திருப்பி வாங்குவதும்தான் வேலை. கணவன் தியாகராஜா கொழும்பில் ஒரு கப்பல் கம்பனியில் கிளாக்கராக இருந்தான். எண்பத்து மூன்று ஜூலைக் கலவரத்தில் அவன் தங்கியிருந்த வீட்டை எரித்துவிட்டார்கள். உடுத்த சாரத்தோடு முகாமில் கிடந்து, ஊருக்குக் கப்பலில் வந்து சேர்ந்தான். அடுத்த வருடமே இருவரும் மகள் சிவகௌரியைக் கூட்டிக்கொண்டு லண்டனுக்கு வந்துவிட்டார்கள். பிள்ளைக்கு அப்போது ஐந்து வயது.

வந்த புதிதில் இரண்டு மூன்று வங்கிகளுக்கு விண்ணப்பம் போட்டுப் பார்த்தாள். இந்த நாட்டு அனுபவம் இல்லை என்று மரியாதையாகப் பதில் எழுதினார்கள். அதற்காக அவள் உட்கார்ந்து அழவில்லை. ஆங்கிலப் பேச்சைத் திருத்திக்கொண்டால் கடையிலாவது நிற்கலாம் என்று நினைத்து, ஸ்ட்ரெதம் நூலகத்தில் மாலை நேரத்தில் நடந்த இலவச வகுப்புக்குப் போகத் தொடங்கினாள். அங்கேதான் மெற்றில்டாவைச் சந்தித்தாள்.

மெற்றில்டா அறுபதை நெருங்கிய உயரமான வெள்ளைக்காரி. மழையென்றாலும் சைக்கிளில்தான் வருவார். வகுப்பில் ஒவ்வொருவரையும் தங்களைப் பற்றி ஆங்கிலத்தில் சொல்லச் சொன்னார். பாலாம்பிகையின் முறை வந்தது.

"ஊரில் வங்கியில் வேலை செய்தேன். கடன் பகுதி."

மற்றவர்களுக்கெல்லாம் "மிகவும் நல்லது" என்று சொல்லிவிட்டு அடுத்தவரிடம் போன மெற்றில்டா, இவளுக்கு முன்னால் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"யாருக்குக் கடன் கொடுத்தீர்கள்?"

"வெங்காயம் நடுகிறவர்களுக்கு."

"திருப்பிக் கட்டினார்களா?"

"அநேகமாகக் கட்டுவார்கள். மழை பிழைத்தால் பிந்துவார்கள்."

"பிந்தினால் நீங்கள் என்ன செய்வீர்கள்?"

"தோட்டத்துக்குப் போய்ப் பார்ப்பேன். சைக்கிளில்."

மெற்றில்டா வாய்விட்டுச் சிரித்தார். வகுப்பு முடிந்ததும், தான் ஒரு சின்னச் சேமிப்புச் சங்கம் நடத்துவதாகவும், ஒருநாள் வந்து பார்க்கும்படியும் சொல்லிவிட்டுப் போனார்.

ஹெட்ஜ்ரோ சங்கம் ஸ்ட்ரெதம் பெருந்தெருவில் ஒரு சப்பாத்துத் திருத்தும் கடைக்கு மேலே இருந்தது. இரண்டு அறை, தேநீருக்கு ஒரு கேத்தில், கீழேயிருந்து ஏறி வருகிற தோல் பசை மணம். ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், தாதிமார், ஒரு பியானோ திருத்துகிறவர் என்று பலர் தங்கள் சேமிப்பை அங்கே போட்டிருந்தார்கள். பெரிய வங்கிகள் தருவதைவிட வட்டி குறைவு. ஆனால் அவர்களின் காசு எங்கே போகிறது என்று அவர்களுக்குத் தெரியும். அது முழுவதும் காணி வாங்குகிற அறக்கட்டளைகளுக்குக் கடனாகப் போனது. ஒரு சின்னக் காட்டையோ, ஈரநிலத்தையோ, பழைய புல்வெளியையோ வாங்கி, அதில் கட்டடம் எழும்பாமல் காப்பதற்காக ஊர்ச்சனம் சேர்ந்து அமைத்த அறக்கட்டளைகள் அவை.

மெற்றில்டா அதை அவளுக்கு இப்படித்தான் விளக்கினார். "காணி இன்றைக்கு விலைக்கு வரும். இரண்டு மாதத்தில் காசு வைக்க வேண்டும். ஊரார் தருகிற நன்கொடை சேர மூன்று நான்கு வருடம் எடுக்கும். அதுவரைக்கும் யாராவது கடன் கொடுக்க வேண்டும். வங்கிகள் கொடுக்காது. ஏனென்றால் அந்தக் காணியிலிருந்து ஒரு வருமானமும் வராது."

பாலாம்பிகை அதை வீட்டில் வந்து சொன்னபோது தியாகராஜா சோற்றுக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தான்.

"ஒண்டும் விளையாத காணிக்குக் கடன் குடுக்கிற பாங்கோ? உமக்கெண்டே திறந்து வைச்சிருக்கினம் போல."

"சம்பளம் போர்வைக்குத் தாறதைவிடக் கொஞ்சம் கூட. சனி ஞாயிறு லீவு."

"அப்ப யோசிக்காதையும். போம்."

அப்படித்தான் போனாள். முதல் வருடம் தட்டச்சும் கணக்கும். பிறகு மெற்றில்டா அவளைக் கடன் கேட்டு வருகிறவர்களைப் பார்த்துவர அனுப்பத் தொடங்கினார். சலவைத் தொழிற்சாலையில் நின்ற கால்கள் இப்போது கென்ட்டிலும் சரேயிலும் சேற்றில் நடந்தன. தன்னைத் தேடிப் பிடித்து, இவளுக்கு ஒரு தொழில் தெரியும் என்று நம்பிய அந்த மனுசிக்குத் தான் என்றைக்கும் கடன்பட்டவள் என்று பாலாம்பிகை நினைத்துக்கொள்வாள். வாய்விட்டுச் சொன்னதில்லை. ஒருமுறை சொல்லப் போனபோது மெற்றில்டா, "நான் ஒரு நல்ல கடன் அதிகாரியைத் தேடிக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான்" என்று பேச்சை வெட்டிவிட்டார்.

1988 வசந்த காலத்தில் எட்வேட்டின் விண்ணப்பம் வந்தது.

எட்வேட் பஸ் திருத்துகிற மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். ஹவுன்ஸ்லோவில், கிரேன் ஆற்றின் கரையில், அவர் வீட்டுக்குப் பின்னால் பத்து ஏக்கர் புல்வெளி ஒன்று இருந்தது. பரம்பரையாக ஒரு குடும்பம் குதிரைக்குட்டிகளை மேயவிட்ட இடம். கலப்பை படாத மண். காணிக்காரக் கிழவர் இறந்ததும் பிள்ளைகள் அதை விற்கத் தீர்மானித்தார்கள். ஒரு களஞ்சியக் கம்பனி, சரக்கு லொறிகளை நிறுத்துவதற்குக் கொங்கிரீட் போடலாம் என்று கண் வைத்திருந்தது. எட்வேட்டும் அயலவர்களும் சேர்ந்து ஒரு அறக்கட்டளையைப் பதிந்தார்கள். கேக் விற்றார்கள், காசு சேர்க்க நெடுநடை போனார்கள், தேவாலய மண்டபத்தில் பழைய உடுப்பு விற்றார்கள். சேர்ந்தது விலையில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. கிழவரின் மூத்த மகளுக்கு அந்த இடத்தின் மேல் கொஞ்சம் பாசம் இருந்தது. இரண்டு மாதத்துக்குள் காசு வைத்தால் உங்களுக்கே தருகிறோம் என்று அவள் தவணை கொடுத்திருந்தாள்.

பாலாம்பிகை பார்க்கப் போன அன்று எட்வேட் அவளுக்குத் தன் மனைவியின் ரப்பர் பூட்ஸைக் கொடுத்தார். அது அவள் காலுக்கு இரண்டு அளவு பெரிது. ஒவ்வொரு அடிக்கும் கால் மேலே வர, பூட்ஸ் சேற்றில் நின்றுவிடும். தலைக்கு மேலே விமானங்கள் சக்கரத்தை இறக்கிக்கொண்டு தாழப் பறந்தன. ஒன்று வந்தால் எட்வேட் வாக்கியத்தின் நடுவில் பேச்சை நிறுத்திவிடுவார். அது போனதும், விட்ட சொல்லிலிருந்து அப்படியே தொடருவார். அது அவருக்கே தெரியாமல் நடந்தது.

"இந்தக் கரையில் நீரெலி இருக்கிறது. அங்கே பாருங்கள், அந்த..."

விமானம் போனது.

"...அந்தப் பொந்துகள்தான். மே மாதம் வந்தால் மஞ்சள் ஐரிஸ் பூ கரை முழுக்கப் பூக்கும். மீன்கொத்தி ஒரு சோடி வருகிறது."

அவள் எல்லாவற்றையும் பார்த்தாள். பிறகு தன் கேள்விகளைத் தொடங்கினாள். புல்லை யார் வெட்டுவது? வைக்கோலை யார் வாங்குவார்கள்? குதிரை மேய்ச்சலுக்கு விட்டால் என்ன கிடைக்கும்? வெள்ளம் வந்தால் வேலி என்னவாகும்? கடைசியாக, கொஞ்சம் தயங்கி, "உங்களுக்கு ஏதும் நடந்தால் இதை யார் பார்ப்பார்கள்?" என்றும் கேட்டாள்.

எட்வேட் கோபிக்கவில்லை. தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "நல்ல கேள்வி. அதற்கு இன்னும் பதில் இல்லை. அடுத்த கிழமை உங்களுக்குச் சொல்கிறேன்."

அடுத்த கிழமை அவர் தெருவில் இருந்த இரண்டு இளம் தம்பதிகளை ஸ்ட்ரெதத்துக்கே கூட்டிக்கொண்டு வந்து, "இவர்கள் பார்ப்பார்கள்" என்று அவள் மேசைக்கு முன்னால் நிறுத்திவிட்டார்.

சங்கத்தின் நிர்வாகக் குழுவில் ஒருவர் கேட்டார். "காணியை ஈடாக எடுத்தாலும், நாம் அதை ஒருநாளும் விற்கப் போவதில்லை. விற்கப் போகாத ஈடு ஒரு ஈடா?"

பாலாம்பிகை தனக்குத் தெரிந்ததைச் சொன்னாள். ஊரில் விவசாயிகள் தோட்டக்காணியை ஈடு வைப்பார்கள். அவள் இருந்த காலத்தில் வங்கி ஒரு தோட்டத்தைத்தானும் ஏலத்தில் விட்டதில்லை. காணி போய்விடும் என்ற பயத்தில்தான் அவர்கள் மற்றக் கடன்களுக்கு முதல் இந்தக் கடனைக் கட்டுவார்கள். "இந்த மனிதர்களும் அப்படித்தான் என்று நான் நினைக்கிறேன். நிச்சயமாகச் சொல்ல முடியாது."

கடன் நான்கு வருடத் தவணைக்குக் கொடுக்கப்பட்டது. புல்வெளி அறக்கட்டளையின் பெயருக்கு மாறிய நாளில் ஹவுன்ஸ்லோவில் தெருவே கூடிச் சாப்பிட்டது. பாலாம்பிகை ஒரு பெட்டி நிறைய வடை சுட்டுக்கொண்டு போனாள்.

அந்தக் காலத்தில் லண்டனுக்கு வந்த தமிழர் கொஞ்சம் கொஞ்சமாகக் காசு சேர்க்கத் தொடங்கியிருந்தார்கள். பாலாம்பிகை வேலை செய்கிற இடம் என்று கேள்விப்பட்டுச் சிலர் ஹெட்ஜ்ரோவில் கணக்குத் திறந்தார்கள். அவர்களில் ஒருவர் சபாரத்தினம். ஸ்ட்ரெதத்தில் ஒரு பெற்றோல் நிலையத்தைக் குத்தகைக்கு எடுத்து, இரவு பகலாக நின்று நடத்துகிறவர். கறாரான மனிதர்.

"தங்கச்சி, எனக்கு உந்தப் புல்லும் பூவும் விளங்காது" என்றார். "உம்மை நம்பித்தான் போடுறன்."

அந்தச் சொல் அவளுக்குப் பெருமையாகவும் இருந்தது, பாரமாகவும் இருந்தது. தங்கள் சொந்தச் சேமிப்பையும் அவர்கள் அங்கேதான் போட்டிருந்தார்கள். தியாகராஜா விமானங்களுக்குச் சாப்பாடு ஏற்றுகிற கம்பனியில் இரட்டை ஷிப்ட் செய்து சேர்த்தது அது.

பிறகு காலம் மாறியது. நாடெங்கும் வட்டி ஏறியது. கடைகள் மூடின. எட்வேட்டின் அறக்கட்டளைக்குப் பெரிய தொகை தருவதாகச் சொல்லியிருந்த ஒரு கொடை நிதியம் கலைக்கப்பட்டுவிட்டது. தவணை கட்ட உதவிய பழைய உடுப்புக் கடைக்கும் இடம் இல்லாமல் போனது. 1990 இலையுதிர் காலத்தில் ஒரு காலை, எட்வேட் மூச்சு வாங்க மூச்சு வாங்கச் சங்கத்தின் படியேறி வந்தார்.

"இந்த மாதத் தவணை வராது. அடுத்ததும் வருமோ தெரியாது. நீங்கள் கடிதம் எழுதிக் கேட்கும் முன்னே நானே வந்து சொல்ல வேண்டும் என்று நினைத்தேன்."

பாலாம்பிகை அவரை இருத்தித் தேநீர் ஊற்றிக் கொடுத்தாள். கெட்ட செய்திதான். ஆனாலும் அதை அவர் தானே வந்து சொன்னதற்கு அவள் மனதுக்குள் நன்றி சொன்னாள். கடன் வாங்கியவர் ஒளிக்கத் தொடங்கினால்தான் கடன் கெட்டுப்போகிறது என்று அவளுக்குத் தெரியும்.

அடுத்த கிழமை களஞ்சியக் கம்பனியிடமிருந்து கடிதம் வந்தது. அந்தப் புல்வெளியை இப்போதும் வாங்கத் தயார், அறக்கட்டளை கொடுத்ததைவிட இரண்டு மடங்கு தருகிறோம் என்று. அறக்கட்டளை சம்மதிக்காவிட்டாலும், தவணை தவறிய ஈட்டை விற்கச் சங்கத்துக்கு உரிமை இருந்தது. குழுவில் பாதிப்பேர் விற்கலாம் என்றார்கள். அவர்கள் கெட்டவர்கள் அல்ல. மற்றவர்களின் சேமிப்பைக் காக்க வேண்டிய பொறுப்பு அவர்களுக்கு.

இந்த நேரம் பார்த்துத்தான் தியாகராஜா ஒருநாள் சந்தோசமாக வீட்டுக்கு வந்தான். மோர்டனில் ஒரு வீடு. விலை சரிந்திருக்கிறது. மூன்று அறை, பின்னால் சின்ன வளவு, ஸ்டேசனுக்கு நடந்து போகலாம்.

"ஹெட்ஜ்ரோவிலை கிடக்கிற காசை எடுத்தாத்தான் டிப்பொசிட் கட்டலாம்" என்றான்.

பாலாம்பிகைக்கு உடனே எட்வேட்டின் ஞாபகம் வந்தது. கடன் நிலுவையில் கிடப்பது வெளியில் யாருக்கும் தெரியாது. அவளுக்குத் தெரியும். இப்போது தங்கள் காசை எடுத்தால், அறிந்துகொண்டு எடுத்தது போலல்லவா இருக்கும்?

"இஞ்சருங்கோ, கொஞ்சம் பொறுக்கேலாதோ?"

"ஏன்? அங்கை ஏதும் பிரச்சினையோ?"

சொன்னாலும் பிழை, சொல்லாவிட்டாலும் பிழை.

தியாகராஜா கொஞ்ச நேரம் அவள் முகத்தைப் பார்த்தான். "நீர் சொல்ல வேண்டாம். நான் கேக்கவும் இல்லை. ஆனா பிள்ளைக்குப் பதினொரு வயசாகுது. எங்களோடை ஒரே அறையிலை படுக்கிறாள். சுவர் ஈரத்திலை இருமி இருமி முழிக்கிறாள். எனக்கு வீடு வேணும், பாலா."

மறுநாள் காலை அவள் மெற்றில்டாவிடம் ஒன்றும் ஒளிக்காமல் எல்லாவற்றையும் சொன்னாள். மெற்றில்டா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"உங்கள் கணவரிடம் எட்வேட்டின் கடனைப் பற்றிச் சொன்னீர்களா?"

"இல்லை."

"அப்படியானால் அவர் வீடு வாங்க வந்த ஒரு மனிதர். கேட்கும்போது எடுக்க முடியாவிட்டால் அது சேமிப்பு இல்லை. சிரித்த முகத்தோடு கொடுங்கள்."

தியாகராஜா வந்து மேசைக்கு முன்னால், அந்நியனைப் போலத் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். அவள் காசோலை எழுதி நீட்டினாள். சிரிக்கத்தான் பார்த்தாள். கண் கலங்கிவிட்டது. அவன் அதைக் கண்டும் காணாதவன் போல, "தாங்ஸ், மிஸ்" என்றான். பக்கத்து மேசையில் இருந்த மெற்றில்டாவுக்கும் அந்த விளையாட்டு விளங்கிற்று. மூவரும் ஒன்றாகச் சிரித்துவிட்டார்கள்.

புல்வெளியை விற்பதா இல்லையா என்று குழுவால் முடிவெடுக்க முடியவில்லை. மெற்றில்டாதான் சொன்னார். "இரக்கம் காட்டுவதென்றால் அது நமது காசாக இருக்க வேண்டும். இது நமது காசு இல்லை. காசுக்காரரைக் கேட்போம்."

1991 பெப்ரவரியில், பனி கொட்டிக் கிடந்த ஒரு சனிக்கிழமை பின்னேரம், ஸ்ட்ரெதத்தில் ஒரு தேவாலய மண்டபத்தில் சேமிப்பாளர்களைக் கூட்டினார்கள். இந்தப் பனியில் யார் வருவார்கள் என்று பாலாம்பிகை நினைத்தாள். மண்டபம் நிறைந்துவிட்டது. பின்வரிசையில் சபாரத்தினம் மேற்கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார்.

மெற்றில்டா நிலைமையைச் சொன்னார். இரண்டு வழி. விற்றால் எல்லாருக்கும் முழுக் காசும் வட்டியும் உடனே வரும். விற்காவிட்டால் அறக்கட்டளைக்குக் கால அவகாசம் கொடுக்க வேண்டும். இரண்டு வருடத்துக்குச் சேமிப்பாளர்கள் தங்கள் வட்டியை விட்டுக்கொடுத்தால் அது முடியும். யார் விட்டுக்கொடுக்கிறார், யார் காசை எடுக்கிறார் என்பது அவரவர் விருப்பம். எடுக்கிறவரை யாரும் குறை நினைக்க மாட்டார்கள்.

பிறகு பாலாம்பிகை எழுந்தாள். அவளை யாரும் பேசச் சொல்லவில்லை.

"இந்தக் கடனைக் கொடுக்கலாம் என்று சிபாரிசு செய்தது நான். இன்னொன்றும் நீங்கள் அறிய வேண்டும். என் குடும்பத்தின் சேமிப்பும் இங்கே இருந்தது. போன மாதம் வீடு வாங்குவதற்காக அதை எடுத்துவிட்டோம். கடன் நிலுவையில் இருப்பது எனக்குத் தெரியும், கணவருக்குத் தெரியாது. இதை வேறு யாரும் சொல்லி நீங்கள் கேள்விப்படக் கூடாது."

பின்வரிசையில் கதிரை உரசுகிற சத்தம் கேட்டது. சபாரத்தினம் எழுந்து நின்றார்.

"வீடு வாங்கினது பிழையில்லை, தங்கச்சி" என்று தமிழில் சொல்லிவிட்டு, ஆங்கிலத்துக்கு மாறினார். "எனக்கு அந்தப் பெரியவரிடம்தான் கேள்வி. விற்றால் என் காசு நாளைக்கே வரும். விற்காமல், நானும் காசை எடுக்காமல் விட்டால் எப்போது வரும்?"

எட்வேட் முன்வரிசையிலிருந்து எழுந்தார். "உண்மையாகச் சொன்னால், எனக்குத் தெரியாது. வைக்கோல் கொஞ்சம் தரும். மேய்ச்சல் கொஞ்சம் தரும். பள்ளிக்கூடங்கள் பிள்ளைகளைக் கூட்டி வரத் தொடங்கியிருக்கின்றன. நான்கு வருடத்தில் முடிப்போம் என்று சொன்னோம். இப்போது பார்த்தால் எட்டு வருடம் ஆகலாம். ஆனால் ஒவ்வொரு மாதமும் ஏதாவது கட்டுவோம்."

"சின்னத் தொகை என்றாலும்?"

"சின்னத் தொகை என்றாலும்."

சபாரத்தினம் தலையாட்டினார். "என் வியாபாரத்தில் நாளைக்குத் தருகிறேன், நாளைக்குத் தருகிறேன் என்று சொன்ன ஒருவரும் தந்ததில்லை. நீங்கள் தெரியாது என்கிறீர்கள். என் வட்டியை இரண்டு வருடத்துக்கு விடுகிறேன்."

அதன் பிறகு ஒவ்வொருவராக எழுந்தார்கள். பியானோ திருத்துகிறவர் ஓம் என்று தலையாட்டினார். ஒரு வயதான தாதி, தனக்கு வட்டிக்காசில்தான் எரிவாயு பில் கட்ட வேண்டியிருக்கிறது, மன்னிக்க வேண்டும் என்றாள். அவளுக்கும் எல்லாரும் கைதட்டினார்கள். கொஞ்சப்பேர் காசை எடுத்தார்கள். கூடுதலானவர்கள் விட்டுக்கொடுத்தார்கள். புல்வெளி விற்கப்படவில்லை.

வெளியே வந்தபோது பாலாம்பிகை சபாரத்தினத்தைத் தேடிப் போய், "அண்ணை, உங்களுக்கு என்னெண்டு நன்றி சொல்லுறது எண்டு தெரியேல்லை" என்றாள்.

"எனக்கேன் நன்றி? நீர் எழும்பி அப்பிடிச் சொல்லாட்டி நான் காசை எடுத்திருப்பன்" என்று சொல்லிவிட்டுப் பனியில் வழுக்காமல் பார்த்துப் பார்த்துக் காருக்கு நடந்தார்.

மோர்டன் வீட்டில் சிவகௌரியின் இருமல் அந்த வருடமே நின்றது. வீட்டுக்குள் நுழைந்த முதல் நாளிலேயே பிள்ளை தன் அறைக் கதவை மூடித் திறந்து, மூடித் திறந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தச் சத்தம் இருவருக்கும் போதுமாக இருந்தது.

ஜூலை மாதம் புல் வெட்டுகிற நாள் வந்தபோது தியாகராஜா ஓவர்டைமை விட்டுவிட்டுக் காலையிலேயே வெளிக்கிட்டு நின்றான்.

"எங்கை போறியள்?"

"ஹவுன்ஸ்லோவுக்கு. காசை எடுத்தாச்சு. கையையாவது குடுப்பம்."

அவனுக்குப் புல் வாரத் தெரியாது. முதல் நாள் உள்ளங்கை இரண்டும் கொப்பளித்துவிட்டன. எட்வேட் அவனுக்கு முள்வாரியைப் பிடிக்கக் காட்டிக் கொடுத்தார். விமானம் வந்தால் இருவரும் நிமிர்ந்து பார்ப்பார்கள். எந்தக் கம்பனி விமானம், எங்கேயிருந்து வருகிறது, அதில் தான் ஏற்றிய சாப்பாடு எது என்று தியாகராஜா சொல்லுவான். எட்வேட்டுக்கு அது பெரிய வேடிக்கை. இருபது வருடம் அந்த விமானங்களைத் திட்டிக்கொண்டிருந்தவர், உள்ளே என்ன சாப்பிடுகிறார்கள் என்று ஒருநாளும் யோசித்ததில்லையாம். அன்றிலிருந்து ஒவ்வொரு ஜூலையிலும் தியாகராஜா போனான். கரையோரத்து வேலிக்கட்டைகளில் பாதி அவன் நட்டவைதான்.

எட்வேட் சொன்ன சொல் தப்பவில்லை. சில மாதங்களில் வந்த தொகை ஒரு குடும்பத்தின் கிழமைச் சாமான் செலவுக்குக்கூடக் காணாது. ஆனாலும் வந்தது. ஆற்றுக்கு அந்தப்பக்கம் இருந்த ஒரு மனுசி, புல்வெளிக்கு ஒருநாளும் வராதவள், சன்னலிலிருந்து பார்த்தது போதும் என்று சொல்லித் தன் மரண சாசனத்தில் அறக்கட்டளைக்கு ஒரு தொகை எழுதி வைத்திருந்தாள். 1996 வசந்தத்தில் கடன் தீர்ந்தது. எட்டு வருடம்.

ஈட்டை விடுவிக்கிற பத்திரத்தில் கையெழுத்துப் போட்டது பாலாம்பிகைதான். மெற்றில்டா அதற்குள் ஓய்வு பெற்று, சங்கத்தை அவளிடம் ஒப்படைத்திருந்தார். அன்றைக்கு அவரையும் கூட்டிக்கொண்டு ஹவுன்ஸ்லோவுக்குப் போனாள். எட்வேட்டோடு மூன்று பேருமாகக் கரையில் ஒரு மரக்குற்றியில் உட்கார்ந்து சான்ட்விச் சாப்பிட்டார்கள். மீன்கொத்தி வரவில்லை. நீரெலி ஒன்று வந்து, கோரையை நறுக்கி, இரண்டு கைகளிலும் பிடித்துத் தின்றுவிட்டுப் போனது. பாலாம்பிகை அத்தனை வருடத்தில் அதைக் கண்டது அதுதான் முதல் தடவை.

"மெற்றில்டா, அன்றைக்கு வகுப்பில் நீங்கள் கதிரையை இழுத்துப் போட்டு..." என்று தொடங்கினாள். இந்தமுறை மெற்றில்டா பேச்சை வெட்டவில்லை. முழுவதையும் கேட்டார். கேட்டு முடித்து, அவள் கையைப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

அடுத்த வருடம் எட்வேட் மறுபடியும் சங்கத்தின் படியேறி வந்தார். இப்போது கையில் தடி. கூட வந்த இளம் பெண்தான் அறக்கட்டளையின் புதிய தலைவி. முன்பு இதே மேசைக்கு முன்னால் கூட்டிக்கொண்டு வந்து நிறுத்தப்பட்ட தம்பதிகளில் ஒருத்தி.

"மறுபடியும் கடனா?" என்று பாலாம்பிகை பயந்ததுபோல் கேட்டாள்.

"இல்லை. கணக்குத் திறக்க வந்தோம்" என்றாள் அந்தப் பெண். "வைக்கோல் விற்ற காசு கொஞ்சம் மிஞ்சியிருக்கிறது. கென்ட்டில் யாரோ ஒரு காட்டை வாங்கப் பார்க்கிறார்கள் என்று உங்கள் சுற்றறிக்கையில் படித்தோம். அவர்களுக்குக் கொடுக்கலாமா?"

"கொடுக்கலாம். ஆனால் அவர்கள் பிந்தினால்?"

எட்வேட் கதிரையில் சாய்ந்து, தடியை முழங்காலில் குறுக்கே வைத்துக்கொண்டார். "பிந்தினால் நீங்கள் போய்ப் பார்ப்பீர்கள் என்று கேள்விப்பட்டேன்."

பாலாம்பிகை சிரித்துக்கொண்டே புதுக் கணக்குக்கு வேண்டிய கடதாசிகளை எடுத்து மேசையில் வைத்தாள். கேத்திலைப் போடுவதற்கு எழுந்தவளுக்கு, கென்ட்டுக்குப் புதன்கிழமை போவதா வியாழக்கிழமை போவதா என்று யோசனை ஓடியது. வியாழன் தியாகராஜாவுக்கு லீவு. அவனையும் கூட்டிக்கொண்டு போகலாம்.